ஏழாம் நம்பர் ரேடியோ

ஜூன் 4

தம்பிக்கு,

நல்லா இருக்கியான்னு அப்புறம் கேட்கிறேன். முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன், இல்லாட்டி எனக்கு நெஞ்சை அடைச்சுக்கும். நீ அனுப்பின ரேடியோ ஊமையாயிடுச்சு. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து 'உஸ்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்பியாச்சு. புது பேட்டரி போட்டாச்சு. ஜன்னல்ல வச்சாச்சு, மொட்டைமாடிக்குக்கூடத் தூக்கிட்டுப் போயாச்சு. அங்கேயும் உஸ்ஸுதான்.

வந்து ஏழு வாரம்தான்டா ஆகுது. ஏழே வாரம்! பார்சலுக்குள்ள நீ வச்சிருந்த சீட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. 'அக்கா, இது சாகாத ரேடியோ. அப்பா காலத்துக்கும் வரும், உன் காலத்துக்கும் வரும்'னு பெருசா எழுதியிருந்தே. நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்.

அப்பா நிலைமை உனக்கு எழுதித் தெரிய வேண்டியதில்லை. கண் போன இந்த ரெண்டு வருஷத்துல அவருக்கு எது காலை, எது மத்தியானம்னே பிடிபடாம இருந்துச்சு. ரேடியோ வந்தப்புறம்தான் மனுஷன் ஒரு ஒழுங்குக்கு வந்தார். காலைச் செய்தி முடிஞ்சா குளியல், பாட்டு நேரத்துல டீ, மத்தியான நாடகம் முடிஞ்சா தூக்கம். உன் அத்தான் ஆறு மணிக்கே வெல்டிங் பட்டறைக்குக் கிளம்பிடறார், ரெண்டரைக்குத்தான் வர்றார். நான் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுக்குப் போனா சாயங்காலம் ஆறாயிடுது. நடுவுல அந்தப் பெட்டிதான் அவருக்குத் துணை. இப்போ சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கார்.

இது கீழே விழவே இல்லை. தண்ணி படலை. யாரும் திறக்கலை. நீ கேட்பேன்னு தெரியும், அதான் முன்னாடியே சொல்லிட்டேன்.

என்ன பண்ணணும்னு உடனே எழுது.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். மூணாவது தடவைதான் கவனிச்சேன், நான் கேட்காத கேள்விக்கு நீ மூணு பதில் சொல்லியிருக்கே. எங்க பரிசோதனைப் பிரிவுல ஒரு வழக்கம் உண்டு. பழுதான சாமானைத் திருப்பிக் கொண்டு வர்றவர், நீட்டுறப்பவே 'கீழே போடலை சார்'னு ஆரம்பிச்சா, நாங்க முதல்ல மூலையைத்தான் தடவிப் பார்ப்போம்.

கோபப்படாதே. நாலு வருஷமா என் வேலையே இதுதான். தொழிற்சாலையில செய்யற ஒவ்வொரு தினுசு ரேடியோவையும் கடைக்குப் போறதுக்கு முன்னாடி நாங்க படாதபாடு படுத்துவோம். கீழே போடுவோம், குலுக்குவோம், அடுப்பு மாதிரி ஒரு பெட்டிக்குள்ள வச்சு வாட்டுவோம். அதையெல்லாம் தாங்கினதுதான் வெளியே போகும். அப்பாவுக்கு அனுப்பினது அதிலேயும் பொறுக்கி எடுத்தது. எப்படிப் பொறுக்கினேன்கிறதை நேர்ல வர்றப்போ சொல்றேன். அது தானா வாயை மூடாது. யாராவது மூடியிருக்கணும்.

இன்னொண்ணு. உன் ஒவ்வொரு கடிதத்துக்கும் அடியில அப்பா தன் கையால ஒரு வரி கிறுக்குவாரே, கோணல் மாணலா, ஒரு எழுத்து மேலே ஒரு எழுத்து பாதாளத்துல. இந்தத் தடவை அது இல்லை. ஏன் இல்லை? அப்பா உடம்புக்கு என்ன? மறைக்காம எழுது.

ரேடியோவை அப்படியே பார்சல் பண்ணி அனுப்பு. யாரும் திறக்க வேண்டாம். முக்கியமா அத்தான் தன் ஸ்க்ரூடிரைவரோட கிட்ட வர வேண்டாம். இரும்பு கேட்டை ஒட்டுறது வேற, இது வேற.

தம்பி


ஜூன் 17

தம்பிக்கு,

அடேயப்பா! போலீஸ் ஸ்டேஷன்ல வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டிய ஆளுடா நீ. எவ்வளவு விசாரணை!

ரேடியோவை இன்னைக்குப் பார்சல்ல போட்டுட்டேன். பழைய தலையணை உறைக்குள்ள வச்சு, சுத்திலும் துணி திணிச்சு, குழந்தையைப் போர்த்தற மாதிரி போர்த்தித்தான் அனுப்பியிருக்கேன். தபால் ஆபீஸ்ல உள்ளே என்னன்னு கேட்டாங்க. நோயாளின்னு சொல்லிட்டேன்.

சரி, ஒண்ணு ஒத்துக்கறேன். விழுந்துச்சு. ஒரே ஒரு தடவை. அப்பா கட்டில் பக்கத்துல ஒரு குட்டை ஸ்டூல் இருக்கே, முழங்கால் உயரம்கூட வராது, அதுலேர்ந்து விழுந்துச்சு. அவர் காலையில எழுந்து தண்ணி டம்ளரைத் தேடிக் கை நீட்டினப்போ தட்டிவிட்டுட்டார். பெருசா சத்தம்கூட வரலை. நான் அடுப்படியிலேர்ந்து ஓடி வந்து எடுத்துக் கொடுத்தேன். அதுக்கப்புறம்தான் உஸ்.

உன்கிட்ட ஏன் சொல்லலைன்னா, அப்பா சொல்லக் கூடாதுன்னு கெஞ்சினார். 'நான் கெடுத்தேன்னு அவனுக்கு எழுதாதேம்மா, ஆசையா அனுப்பினான்'னு நாலு தடவை சொன்னார். கடிதத்துல கிறுக்கச் சொல்லிப் பேனாவைக் கையில கொடுத்தேன். என்ன எழுதறதுன்னு திருப்பிக் கொடுத்துட்டார். இப்பவும் அப்படித்தான். உடம்புக்கு ஒண்ணும் இல்லை, மனசுக்குத்தான்.

இப்போ நான் ஒண்ணு கேட்கிறேன், நீ மறைக்காம எழுது. பொறுக்கி எடுத்தேன் பொறுக்கி எடுத்தேன்கிறியே, எங்கேருந்து பொறுக்கினே? முழங்கால் உயரத்துல விழுந்ததுக்கே சாகற ரேடியோவை எந்தக் கடையில விக்கிறாங்க? தள்ளுபடி சாமானைத் தலையில கட்டிட்டியா?

மூணு வருஷமா நீ வரலை. அதையும் நான் கேட்கலை பார்.

அக்கா


ஜூன் 27

அக்காவுக்கு,

பார்சல் வந்துச்சு. நேத்து வேலை முடிஞ்சதும் என் மேஜையிலயே வச்சுத் திறந்தேன். உள்ளே பென்சில் பருமன்ல கறுப்பா ஒரு கட்டை இருக்கும், மேலே செம்புக் கம்பி சுத்தியிருக்கும். காத்துல வர்ற ஸ்டேஷனை இழுத்துப் பிடிக்கிறது அதுதான். அது ரெண்டு துண்டாக் கிடக்கு. வெளியே வலது மூலையில ஒரு நசுங்கல்.

இப்போ நான் சொல்லாம வச்சிருந்ததைச் சொல்லிடறேன். தள்ளுபடி சாமானான்னு கேட்டுட்டியே, அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்க விடலை.

இந்தத் தினுசு ரேடியோவுல பத்து எங்க பிரிவுக்குப் பரிசோதனைக்கு வந்துச்சு. ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் நம்பர் போட்டோம். மேஜை உயரத்துலேர்ந்து சிமெண்டுத் தரையில ஒவ்வொண்ணையும் நூறு தடவை போட்டோம். எல்லாப் பக்கமும் படும்படி, எல்லா மூலையும் படும்படி. ஒன்பது செத்துப்போச்சு. ஏழாம் நம்பர் மட்டும் நூறாவது தடவையும் பாடிக்கிட்டேதான் விழுந்துச்சு. விழுந்த பிறகும் பாடிச்சு. நாங்க எல்லாரும் கை தட்டினோம். பரிசோதனை முடிஞ்சதைச் சுத்தியலால அடிச்சு உடைச்சுப் போடணும்கிறது இங்கே சட்டம். எனக்கு மனசு வரலை. எங்க மேலதிகாரி கையைக் காலைப் பிடிச்சு அதை வாங்கினேன். மேல்கூடு அடிபட்டிருந்ததால புதுக் கூடு மாத்தி, துடைச்சு, அப்பாவுக்கு அனுப்பினேன். கடையில இருக்கிறதெல்லாம் விழாத ரேடியோ, விழுந்தா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? இது பரீட்சை எழுதிப் பாஸான ரேடியோ. இதைவிட உறுதியானது இந்த ஊர்லயே கிடையாது.

அப்படிப்பட்டது முழங்கால் உயர ஸ்டூல்லேர்ந்து ஒரு தடவை விழுந்து ரெண்டாப் போகுமா? எனக்குக் காது குத்தாதே அக்கா. முதல் கடிதத்துல விழவே இல்லைன்னே. ரெண்டாவதுல ஒரு தடவை விழுந்துச்சுன்னே. மூணாவதுல என்ன சொல்லப் போறே?

நானே சொல்றேன். அது விழலை. யாரோ எறிஞ்சிருக்காங்க. சுவத்துல.

உனக்குக் கல்யாணமான புதுசுல நான் லீவுக்கு வந்திருந்தேனே, அந்த அலாரம் கடிகாரம் ஞாபகம் இருக்கா? அத்தான் எடுத்து எறிஞ்ச வேகத்துல மணி தனியா, முள் தனியாப் பறந்துச்சு. நீ குனிஞ்சு பொறுக்கினே. நான் கதவு பக்கத்துல நின்னு பார்த்தேன், மறக்கலை. பட்டறையிலேர்ந்து களைச்சு வர்ற மனுஷன், வீட்டுல ரேடியோ சத்தம், கோபக்காரர். மிச்சத்தை நான் எழுத வேண்டாம். அப்பா பழியைத் தன் தலையில போட்டுக்கறார், நீ பூசி மெழுகறே.

ரேடியோ போனா போகட்டும். இன்னைக்கு ரேடியோவை எறிஞ்ச கை நாளைக்கு அப்பா மேல படாதுன்னு என்ன நிச்சயம்? ஜூலை இருபதாம் தேதி லீவு போட்டுட்டு வர்றேன். அப்பாவைக் கூட்டிட்டு வந்துடறேன். அவர் துணியெல்லாம் எடுத்து வை.

நீ சமாளிச்சுக்குவே. எதையும் தாங்கற ஆள் நீ, அது எனக்குத் தெரியும். அப்பாவால தாங்க முடியாது.

தம்பி


ஜூலை 5

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தப்போ நான் வேலையில இருந்தேன். தபால்காரர் மூணு மணிக்கு வருவார்னு உனக்குத் தெரியும். அந்த நேரத்துல வீட்டுல அப்பாவும் உன் அத்தானும்தான் இருப்பாங்கன்னும் தெரியும். நீ எழுதறதை இந்த வீட்டுல அப்பாவுக்கு யார் வாசிச்சுக் காட்டறாங்கன்னு ஒரு நாளாவது யோசிச்சியாடா?

அவர்தான். ரெண்டு வருஷமா உன் அத்தான்தான். அஞ்சாம் வகுப்போட படிப்பை விட்டவர், வரிக்கு அடியில விரலை வச்சு எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். உன் கடிதம்னா குளிச்சிட்டு வந்து உட்காருவார்.

அன்னைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கார். அப்பா எனக்குச் சொன்னார். அலாரம் கடிகாரம்கிற இடத்துல ஒரு தடவை இருமினாராம். 'போதும் மாப்பிள்ளை'ன்னு அப்பா சொல்லியும் நிறுத்தலையாம். 'இன்னும் இருக்கு மாமா'ன்னு சொல்லிட்டு, அந்தக் கை அப்பா மேல படும்னு நீ எழுதினதையும் விரல் வச்சு, எழுத்துக் கூட்டி, உரக்க, ஒரு வார்த்தை விடாம வாசிச்சு முடிச்சிருக்கார். மடிச்சுக் கவர்ல போட்டு அப்பா கையில கொடுத்திருக்கார். வெளியே போய் சைக்கிளைத் துடைச்சிருக்கார். நான் ஆறு மணிக்கு வந்தப்பவும் துடைச்சுக்கிட்டுதான் இருந்தார்.

கடிகாரத்தை எறிஞ்சது உண்மை. நான் இல்லைன்னு சொல்லலை. பன்னிரண்டு வருஷம் ஆச்சு. அன்னைக்கு நான் பொறுக்கினதைப் பார்த்தே. ராத்திரி முழுக்க உட்கார்ந்து அவர் அதை ஒட்டினதைப் பார்க்கலை, நீ ரயிலேறிப் போயிட்டே. அதுக்கப்புறம் இந்த வீட்டுல ஒரு டம்ளரைக்கூட அவர் சத்தமா வச்சதில்லை.

ரேடியோ செத்த மறுநாளிலேர்ந்து என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா? சாயங்காலம் நான் வர்றப்போ, அத்தான் பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு, தொண்டையைக் கனைச்சு, 'இப்போது செய்திகள், வாசிப்பது உங்கள் மருமகன்'னு ஆரம்பிப்பார். ரேடியோவுல செய்தி வாசிக்கிற அம்மா குரல் மாதிரி மெல்லிசா ஆக்கிக்கிட்டு! எழுத்துக் கூட்டி வாசிக்கிறதுல ஒரு செய்திக்குக் கால் மணி நேரம் ஆகும். வானிலைக்கு ஜன்னல் வழியாக் கையை நீட்டிப் பார்ப்பார். 'தூறல் இருக்கிறது, துணியை எடுத்து விடவும்'பார். அப்பா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பார். உன்கிட்ட எழுத வேண்டாம்னு உன் அத்தான்தான் வெட்கப்பட்டுத் தடுத்தார். இப்போ ஆறு நாளா அந்த ஸ்டேஷனும் ஊமை. பேப்பர் மடிச்சபடி கிடக்கு. ஒரு அறையில ரெண்டு ஆம்பளைங்க உட்கார்ந்துக்கிட்டு, ஒருத்தர் மூச்சு விடறதை ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காங்க. அப்பா பாதிச் சாப்பாட்டுல எழுந்துடறார்.

இன்னொண்ணும் நான் மறைச்சு வச்சிருந்தேன். பார்சல் வந்த அன்னைக்கே அப்பா அந்த ரேடியோவை மடியில வச்சுத் தடவிப் பார்த்தார். அச்சாபீஸ்ல முப்பது வருஷம் எழுத்துக் கோத்த விரல் அது, கண்ணைவிட நல்லாப் பார்க்கும். பின்பக்கம் தடவினவர் விரலை அங்கேயே நிறுத்தினார். 'கூடு புதுசும்மா, ஸ்க்ரூ பழசு. தலையில திருப்புற காடி எல்லாம் தேஞ்சிருக்கு. பத்து இருபது தடவை திறந்து மூடின ஸ்க்ரூ'ன்னார். 'சும்மா இருங்கப்பா, அவன் உங்களுக்கு மட்டமானதையா அனுப்புவான்?'னு நான்தான் அவர் வாயை அடைச்சேன். உன் மானம் போகக் கூடாதுன்னு. கூடு மாத்தற புத்தி இருந்துச்சே உனக்கு, நாலு ஸ்க்ரூ மாத்தணும்னு தோணலையா?

நூறு தடவை போட்டியா! போட்டுட்டுக் கை தட்டினியா! உடையலைன்னதும் இது எதையும் தாங்கும்னு முடிவு பண்ணி, அதை ஒரு கண் தெரியாத மனுஷனுக்கு அனுப்பினியா? எனக்கு அந்த வரியைப் படிச்சப்போ அழுகைகூட வரலை, எரிச்சல்தான் வந்துச்சு. ஏன்னா கடைசியில என்னைப் பத்தியும் அதையேதான் எழுதியிருக்கே. தாங்கற ஆள், சமாளிச்சுக்குவே. அம்மா போனப்போ அப்படித்தான் சொன்னே. அப்பாவுக்குக் கண் போனப்போ அப்படித்தான் சொன்னே. நூறாச்சா தம்பி, இன்னும் பாக்கி இருக்கா?

வா. இருபதாம் தேதி வா. அவரே சொல்லிட்டார், 'சந்தேகம் வந்த பிறகு மாமாவை நான் வச்சுக்கறது முறையில்லை, மகன் கூட்டிட்டுப் போகட்டும்'னு. அப்பாவோட துணிப்பெட்டியைக் கட்டில் அடியிலேர்ந்து எடுத்துத் துடைச்சு வச்சுட்டார். நீ ஒரு அறையில மூணு பேரோட தங்கியிருக்கியே, அதுல அப்பா எங்கே படுப்பார்னு மட்டும் எழுது. இங்கே கட்டில்லேர்ந்து கக்கூஸுக்குப் பதினோரு அடி, அடுப்படிக்கு ஏழு அடி, வாசலுக்கு ஒன்பது. ரெண்டு வருஷமா எண்ணிப் பழகியிருக்கார். அங்கே எத்தனை அடின்னு கேட்கச் சொன்னார்.

அக்கா


ஜூலை 9

அக்கா,

உன் கடிதம் இன்னைக்குக் கிடைச்சுது. அத்தான் வாசிப்பார்னு எனக்குத் தெரியாது. நீ வாசிப்பேன்னு நினைச்சுத்தான் எழுதினேன். அது சப்பைக்கட்டு மாதிரி இருக்கு, ஆனா அதுதான் உண்மை.

ஆனாலும் எனக்கு ஒண்ணு புரியலை. நூறு தாங்கினது நூத்தியொண்ணைத் தாங்கியிருக்கணும். கணக்கு அப்படித்தானே சொல்லுது? உன்னை நம்பினா என் வேலையை நம்ப முடியாது. என் வேலையை நம்பினா உன்னை நம்ப முடியாது. மூணு மணியிலிருந்து இதே யோசனைதான்.

அந்த உடைஞ்ச துண்டுகள் என் டிராயர்ல இருக்கு. அன்னைக்குக் கோபத்துல திறந்தேன், ரெண்டாக் கிடந்ததைப் பார்த்ததும் மூடிட்டேன். உடைஞ்ச இடத்தை லென்ஸ் வச்சுப் பார்க்கலை. வேற யாராவது இப்படிப் பண்ணியிருந்தா நான் அவங்களை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பேன். நாளைக்குப் பார்க்கிறேன்.

அதுவரைக்கும் பெட்டியைத் திரும்பக் கட்டில் அடியிலேயே வை.

தம்பி


ஜூலை 12

அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

இந்தக் கடிதத்தையும் அத்தான்தான் வாசிக்கணும். அவர் மாட்டேன்னா கெஞ்சு. அன்னைக்கு வாசிச்ச மாதிரியே உரக்க, விரல் வச்சு, ஒரு வார்த்தை விடாம. அதுவரைக்கும் நீ இதைப் பிரிச்சாக்கூட அப்பாவுக்குச் சொல்லாதே.

அந்தத் துண்டுகளை லென்ஸ் அடியில வச்சுப் பார்த்தேன். புதுசா உடைஞ்ச இடம் மினுக்கும், அடுப்புக்கரியை இப்போதான் உடைச்ச மாதிரி. பழைய விரிசலா இருந்தா மங்கி, தூசி ஏறி, சாம்பல் நிறமா இருக்கும். இந்தக் கட்டையில முக்கால்வாசி சாம்பல் நிறம். ஓரத்துல நகக்கண் அளவுதான் மினுக்கு. அதாவது என்கிட்ட இருந்தப்பவே அது முக்கால்வாசி விண்டு போயிருக்கு. நாங்க சிமெண்டுத் தரையில போட்ட ஏதோ ஒரு போடுல. நாங்க கை தட்டினப்பவே அது பிளந்துபோய்த்தான் பாடிக்கிட்டு இருந்திருக்கு. மிச்சமிருந்த நகக்கண் அளவைப் பிடிச்சுக்கிட்டு உங்க வீட்டுல ஏழு வாரம் பாடியிருக்கு.

அப்பா, நீங்க கெடுக்கலை. நீங்க தட்டிவிடாம இருந்திருந்தாலும், அக்கா துடைக்கிறப்போ, இல்லை பேட்டரி மாத்தறப்போ அது போயிருக்கும். கெடுத்தவன் நான். பெருமைக்குக் கெடுத்தேன்.

எங்க பிரிவுல ஒரு பெரியவர் இருக்கார், இருபது வருஷ அனுபவம். துண்டுகளைக் கொண்டு போய் அவர்கிட்டக் காட்டினேன். 'பரிசோதனை முடிஞ்சதை ஏன் சுத்தியலால அடிக்கச் சொல்றாங்கன்னு நினைச்சே? கெட்டதுனாலயா? உள்ளே எவ்வளவு போயிருக்குன்னு யாருக்கும் தெரியாது, அதனாலதான்டா'ன்னார். நாலு வருஷமா அந்தச் சட்டத்தை முட்டாள்தனம்னு நினைச்சுக்கிட்டிருந்தவன் நான்.

அக்கா, நூறாச்சான்னு கேட்டே. உனக்குள்ள எவ்வளவு போயிருக்குன்னு நான் ஒரு நாளும் பார்க்கலை. 'அக்கா பாடிக்கிட்டுத்தானே இருக்கா'ன்னு இருந்துட்டேன்.

அத்தான், இது உங்களுக்கு. நான் உங்களைப் பத்தி எழுதினது அத்தனையும் பொய். தெரியாம எழுதின பொய் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் பார்த்ததை வச்சுக்கிட்டு, அதுக்கப்புறம் ஒண்ணையும் பார்க்காம, பார்க்க வேண்டாம்னே எழுதின பொய். எங்க அப்பாவை எங்க அப்பாவைன்னு நான் கடிதத்துல குதிச்சேன். அவருக்குப் பேப்பர் படிச்சது நீங்க. கையை நீட்டி மழையைப் பார்த்துச் சொன்னது நீங்க. நான் அந்தக் கையைத்தான் பழி சொன்னேன். மன்னிச்சுடுங்கன்னு கேட்க எனக்கு வெட்கமா இருக்கு, இருந்தாலும் கேட்கிறேன். என்னை மன்னிச்சுடுங்க அத்தான்.

இருபதாம் தேதி வர்றேன். அப்பாவைக் கூட்டிட்டுப் போக இல்லை. சும்மா வர்றேன், பத்து நாள் இருப்பேன். அக்கா லீவு போட்டுட்டுக் காலை நீட்டி உட்காரட்டும். அடுப்படிக்கு ஏழு அடிதானே, நான் நடந்துக்கறேன்.

புது ரேடியோ ஒண்ணு தனியாப் பார்சல்ல வருது. கடையில வாங்கினேன், எல்லாரையும் மாதிரி வரிசையில நின்னு. பெட்டியைப் பிரிச்சுக்கூடப் பார்க்கலை. யாரும் இதைக் கீழே போட்டதில்லை. எவ்வளவு நாள் வரும்னு எனக்குத் தெரியாது.

தம்பி


ஜூலை 17

தம்பிக்கு,

நீ வர்றதுக்குள்ள இது வந்து சேருமோ சேராதோ, இருந்தாலும் எழுதிடறேன். நேர்ல சொல்ல எனக்கு வராது.

உன் கடிதம் நேத்து வந்துச்சு. நான் வர்ற வரைக்கும் யாரும் பிரிக்கலை. பிரிச்சு முதல் நாலு வரியைப் பார்த்துட்டு உன் அத்தான்கிட்ட நீட்டினேன், 'நீயே வாசி'ன்னு சைக்கிள் பக்கம் போனார். 'உங்களைத்தான் வாசிக்கச் சொல்லியிருக்கான்'னேன். 'ஏன், இந்தத் தடவை எதை எறிஞ்சேனாம்?'னார். வேற என்ன பண்ணுவேன், கெஞ்சினேன். கடைசியில வந்து உட்கார்ந்தார். கனைக்கலை, உங்கள் மருமகன்னு சொல்லலை, விரலை வச்சு ஆரம்பிச்சார்.

சாம்பல் நிறம், நகக்கண்ணு எல்லாம் வந்தப்போ அப்பா கட்டில்லேர்ந்து எழுந்து நின்னுட்டார். 'நான் கெடுக்கலையா? இன்னொரு தடவை வாசிங்க மாப்பிள்ளை'ன்னார். அவர் திரும்ப வாசிச்சார். அப்பா உட்கார்ந்து முகத்தைத் துடைச்சுக்கிட்டார். இந்த ஒன்றரை மாசமா அந்த மனுஷன் உள்ளுக்குள்ள என்ன பட்டிருக்கார்னு எனக்கே அப்போதான் தெரிஞ்சுது.

என்னைப் பத்தி எழுதின இடத்துல உன் அத்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கிட்டேன். அதைப் பத்தி வந்ததும் பேசிக்கலாம்.

அப்புறம் 'அத்தான், இது உங்களுக்கு' வந்துச்சு. அந்த ஒரு வரியை வாசிச்சவர், அப்படியே தாவி, 'இருபதாம் தேதி வர்றேன்'னு போயிட்டார். அப்பாவுக்கா தெரியாது? 'மாப்பிள்ளை, நடுவுல விட்டுட்டீங்க'ன்னார். 'ஒண்ணும் இல்லை மாமா, சும்மா உபசார வார்த்தை.' 'எனக்குக் கண்தான் இல்லை, காது இருக்கு. உங்க விரல் காகிதத்துல சர்ருனு கீழே போச்சு. மேலே ஏத்துங்க'ன்னார். அன்னைக்கு அந்தக் கடிதத்தை நிறுத்தாம வாசிச்ச மனுஷனுக்கு இதை வாசிக்க முடியலைடா. மூணு தடவை ஆரம்பிச்சு மூணு தடவையும் இருமினார். நாலாவது தடவை வாசிச்சு முடிச்சார். முடிச்சதும் வெளியே போனார், சைக்கிளைத் தொடலை. பேப்பரை எடுத்துட்டு வந்தார்.

பெட்டி கட்டில் அடிக்குப் போயிடுச்சு.

புது ரேடியோ இன்னைக்கு வந்துச்சு. நல்லாப் பாடுது. ஆனா இந்த வீட்டுல சந்தேகம் இன்னும் முழுசாப் போகலை, சொல்லிட்டேன். அத்தான் மூலையெல்லாம் தடவிப் பார்த்தார். நான் காது பக்கத்துல வச்சு ஆட்டிப் பார்த்தேன். அப்பா அதைக் காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் வச்சுக்கறதாச் சொல்லிட்டார். சாயங்காலம் மூடிடணுமாம், அவருக்கு வேற ஸ்டேஷன் இருக்காம். ஸ்டூலை எடுத்துட்டு, அத்தான் பட்டறையில ஒரு இரும்புத் தட்டு வெல்டிங் பண்ணிக் கொண்டு வந்து சுவத்துல மாட்டிட்டார். யானையே உட்காரலாம்.

நீ வர்றப்போ உன் லென்ஸை அங்கேயே வச்சுட்டு வா. அப்பா பேனாவைக் கேட்டார், கீழே இடம் விட்டிருக்கேன்.

அக்கா


மகனுக்கு. தடவிப் பார்த்தேன். ஸ்க்ரூ புதுசு. வா.

அப்பா